போனில் வரும் மோசடி: மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

களுவாஞ்சிக்குடிப் பக்கம் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். ரீலோட் போட, போட்டோகொப்பி எடுக்க, ஈசி கேஷ் என்ற போன் வழிச் சேவையில் காசு அனுப்ப வருகிறவர்கள் என்னிடம் கேட்டவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். போனைக் காதிலிருந்து எடுக்காமலே கடைக்குள் வந்து, ஒரு நம்பரைச் சொல்லி "இதுக்கு உடனே காசு போடுங்க தம்பி" என்று பதறுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. அவர்கள் கடைக்கு வருவதற்கு முதல் இதை வாசித்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இதெல்லாம் கொழும்பில் நடக்கிறதுதானே? நம்மிடம் என்ன இருக்கிறது?

நம்மிடம் என்ன இருக்கிறது என்று மோசடிக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். காத்தான்குடியோ கல்முனையோ திருக்கோவிலோ, வெளிநாட்டுக் காசு வராத தெரு குறைவு. கட்டாரிலிருந்து மகள் அனுப்பியது, பெரும்போக நெல் விற்றது, நகை அடகு வைத்து எடுத்தது, அரசின் அஸ்வெசும உதவிக் காசு, எல்லாம் வங்கிக் கணக்கில்தான் கிடக்கிறது. முப்பதாயிரம் ரூபா இருக்கிற கணக்கைக்கூட அவர்கள் விடுவதில்லை, ஏனென்றால் அவர்கள் ஆள் பார்த்து எடுப்பதில்லை, நம்பர் நம்பராக எடுத்துக்கொண்டே போவார்கள், யாராவது ஒருவர் பயந்தால் அன்றைய கணக்குச் சரி. 2024இல் நீர்கொழும்பிலும் கொழும்பைச் சுற்றியும் வாடகை வீடுகளிலும் ஹோட்டல்களிலும் இருந்து இணைய மோசடி செய்த வெளிநாட்டவர்கள் நூற்றுக்கணக்கில் பிடிபட்டார்கள், கூடவே குவியல் குவியலாக போன்களும் கணினிகளும். இது சும்மா இருக்கிற பொடியன் ஒருவன் விளையாடுவது என்று நினைக்காதீர்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்கிற தொழில்.

"வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கார்ட் ப்ளொக் ஆகப் போகிறது" என்கிறார்கள். உண்மையா பொய்யா என்று எப்படித் தெரியும்?

குரலை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள், முடியாது. மரியாதையாகப் பேசுவார்கள், உங்கள் முழுப் பெயர் சொல்வார்கள், அடையாள அட்டை நம்பரில் பாதியைக்கூடச் சொல்லலாம், பின்னால் கந்தோர் சத்தம் கேட்கும். இந்த விபரங்கள் கிடைப்பது பெரிய வேலை இல்லை, நாமே எத்தனை படிவங்களிலும் பேஸ்புக் போட்டிகளிலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: அழைப்பை வெட்டுங்கள். வெட்டிவிட்டு உங்கள் கார்டின் பின்பக்கத்திலோ வங்கிப் புத்தகத்திலோ அச்சடித்திருக்கிற நம்பருக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள். அவர் சொல்லும் நம்பருக்கு எடுக்கக் கூடாது, அதே நம்பருக்குத் திருப்பி எடுக்கவும் கூடாது. கூகிளில் தேடி முதலில் வருகிற நம்பரும் வேண்டாம், அதிலும் போலிகள் இருக்கின்றன. உண்மையான வங்கிக்காரர் நீங்கள் வெட்டியதற்காகக் கோபிக்க மாட்டார். மோசடிக்காரர்தான் "லைனை வெட்டாதீங்க, வெட்டினா எக்கவுண்ட் லொக் ஆகிடும்" என்பார். வெட்டினால் நீங்கள் யோசிப்பீர்கள், பக்கத்தில் இருக்கிறவரிடம் கேட்பீர்கள், அதைத் தடுப்பதற்குத்தான் அந்த அவசரம் எல்லாம்.

இதில் நமக்கென்று ஒரு பலவீனம் உண்டு, சொல்லியே ஆக வேண்டும். சிங்களத்தில் வேகமாகப் பேசினால் முழுதாக விளங்காமலே "ஓம் சேர், ஓம் சேர்" என்று சொல்லிவிடுகிறோம். கந்தோர் கந்தோராக நின்று வந்த பழக்கம். விளங்காத எதற்கும் ஓம் சொல்லாதீர்கள். தமிழும் இந்த நாட்டில் அரச கரும மொழிதான், தமிழில் பேசக்கூடிய ஆளைக் கேட்பது உங்கள் உரிமை, அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. இதற்கு நேர் எதிரான பொறியும் இருக்கிறது: நம் ஊர்ப் பேச்சிலேயே "என்ன மனே, சுகமா?" என்று ஆரம்பிப்பான். நம்மட ஆள் என்று மனம் இளகிவிடும். நம் பேச்சுப் பேசுகிறவன் நல்லவன் என்று யார் சொன்னது?

065 என்று நம்பர் வந்தால் மட்டக்களப்பு நம்பர்தானே, நம்பலாமா?

065 மட்டக்களப்பு, 067 கல்முனை, 063 அம்பாறை என்பது சரி. ஆனால் இணையம் வழியாக எடுக்கும் அழைப்புகளில் திரையில் வேறு நம்பரைக் காட்ட முடியும். வாட்ஸ்அப்பில் வங்கியின் சின்னத்தைப் படமாகப் போட யாராலும் முடியும், பொலிஸ் உடுப்புப் படமும் அப்படித்தான். குறுஞ்செய்தியில் நம்பருக்குப் பதிலாக வங்கியின் பெயர் வந்தாலும் அதையும் போலியாக அனுப்பலாம். நம்பரை நம்ப வேண்டாம்.

ஒரு ஓ.ரி.பி. நம்பரைச் சொன்னால் என்ன பெரிசா நடந்துவிடும்?

எல்லாமே நடக்கும். ஓ.ரி.பி. என்பது உங்கள் போனுக்குக் குறுஞ்செய்தியாக வருகிற, ஒரு தடவை மட்டும் பாவிக்கிற இரகசிய இலக்கம், "இந்த வேலையைச் செய், நான் சம்மதிக்கிறேன்" என்று நீங்கள் வைக்கிற கையெழுத்து. கணக்கு நம்பர் மட்டும் தெரிந்தால் ஒருவர் உங்களுக்குக் காசு போடலாம், எடுக்க முடியாது. ஆனால் கணக்கு நம்பர், அடையாள அட்டை நம்பர், ஓ.ரி.பி. மூன்றும் ஒருவன் கைக்குப் போனால், உங்கள் கணக்கை அவன் தன் போனில் இருக்கிற கட்டணச் செயலி ஒன்றோடு இணைத்துவிடலாம், அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டான். கார்ட் நம்பர், காலாவதித் திகதி, பின்னால் இருக்கிற மூன்று இலக்கம், இவற்றோடு ஓ.ரி.பி.யும் சேர்ந்தால் இணையத்தில் பொருள் வாங்கலாம்.

"ஈசியா லோன் தருகிறோம், பிணையாளர் தேவையில்லை" என்று பேஸ்புக்கில் வருகிற விளம்பரங்களில் பாதிப்பேர் மாட்டுவது இந்த இடத்தில்தான். கடன் காசை வரவு வைக்கக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்கள் என்பார்கள். யோசித்துப் பாருங்கள், காசு போடுவதற்கு எதற்கு உங்கள் சம்மதம்? காசு வருவதற்கு ஓ.ரி.பி. தேவையே இல்லை. போவதற்குத்தான் தேவை. வங்கி முகாமையாளரே எடுத்தாலும் ஓ.ரி.பி.யும் பின் நம்பரும் சொல்லாதீர்கள், அவர் கேட்கவும் மாட்டார்.

லொத்தர் விழுந்திருக்கிறது என்று எடுக்கிறார்கள்.

நீங்கள் வாங்காத லொத்தர் உங்களுக்கு விழாது. பரிசு தருவதற்கு முதல் வரி கட்டு, ரீலோட் நம்பர் அனுப்பு, ஈசி கேஷ் போடு என்று கேட்டால் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள்.

"உங்கட மகன் எக்ஸிடென்ட் பட்டுட்டார்" என்று ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தால் என்ன செய்வது? அந்த நேரம் யோசிக்க முடியுமா?

முடியாதுதான். இதைவிடக் கொடுமையான மோசடி இல்லை என்று நினைக்கிறேன், பெற்ற மனதின் மேல் கைவைக்கிறார்கள். பாடசாலை நேரத்தில் எடுத்து, பிள்ளை விழுந்துவிட்டது, உடனே சத்திரசிகிச்சைக்கு மருந்து வாங்க வேண்டும் என்பார்கள். அல்லது பொலிஸ் என்று சொல்லி, மகனைப் போதைத்தூளோடு பிடித்திருக்கிறோம், வழக்குப் போடாமல் விட இவ்வளவு தாருங்கள் என்பார்கள். பின்னால் ஒருவர் "அம்மா, அம்மா" என்று அழுகிற சத்தம் வரும். அழுகிற குரலில், அதுவும் தெளிவில்லாத லைனில், சொந்தப் பிள்ளையின் குரலையே பிரித்தறிவது கஷ்டம். இப்போது கணினியால் ஒருவரின் குரலைப் போலவே பேச வைக்கவும் முடிகிறது.

இதற்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருப்பதுதான் வழி. வீட்டில் எல்லாருமாக ஒரு சொல்லை முடிவு செய்து வையுங்கள், பழைய நாயின் பெயர், அம்மம்மா வீட்டுக் கிணற்றடியில் நின்ற மரம், வெளியாட்களுக்குத் தெரியாத ஏதாவது. அழைப்பு வந்தால் அந்தச் சொல்லைக் கேளுங்கள். பிறகு வெட்டிவிட்டு மகனுக்கு எடுங்கள், அவர் எடுக்காவிட்டால் வகுப்பு ஆசிரியருக்கோ கூட்டாளிக்கோ எடுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ கல்முனை ஆஸ்பத்திரியோ, அரச வைத்தியசாலையில் நோயாளியை வைத்துக்கொண்டு உறவுக்காரரிடம் போனில் ஈசி கேஷ் கேட்கிற வழக்கம் கிடையாது. ஆளை நேரே அனுப்பிப் பாருங்கள், பத்து நிமிடம் பிந்தினால் சிகிச்சை நின்றுவிடாது. பொலிஸ் என்றால் எந்தப் பொலிஸ் நிலையம் என்று கேட்டுவிட்டு அங்கே போங்கள். காசு கேட்டது உண்மையான பொலிஸாகவே இருந்தாலும் அது லஞ்சம்.

மகனோ மகளோ வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும். உடனே போய்ப் பார்க்க முடியாத தூரம் என்பது அவர்களுக்கும் தெரியும். அங்கே பிள்ளையோடு ஒரே அறையில் இருக்கிற ஒருவரின் நம்பரையாவது இன்றைக்கே வாங்கி, போனில் மட்டும் இல்லாமல் சுவரிலும் எழுதி வையுங்கள்.

அஸ்வெசும, வெள்ள நிவாரணம் என்று எடுத்து விபரம் கேட்கிறார்களே?

போனில் எதுவும் சொல்லாதீர்கள், நிவாரணப் பட்டியல் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் இருக்கும். அஸ்வெசும பற்றி எதுவும் தெரிய வேண்டுமென்றால் 1924க்கு நீங்களே எடுக்கலாம். வெள்ளம் வந்து போன பிறகு இப்படியான அழைப்புகளுக்கு ஆட்கள் இலகுவாக மயங்குகிறார்கள், வீடு நனைந்து கிடக்கிற நேரத்தில் இருபத்தைந்தாயிரம் வரப் போகிறது என்றால் யார்தான் கேட்க மாட்டார்கள்? அதனால் அந்த நேரத்தில் ஊர்ச் சங்கங்களும் கோயில், பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எவ்வளவோ வீடுகள் தப்பும். நம் பகுதியில் செய்தி வேகமாகப் பரவ அதைவிட நல்ல வழி இல்லை.

வெளிநாட்டு நம்பரிலிருந்து மிஸ்கோல் வருகிறது. மகள் புது நம்பரில் எடுக்கிறாளோ என்று நினைத்துத் திருப்பி எடுக்கலாமா?

வேண்டாம். ஒரு ரிங்கில் வெட்டிவிடுவார்கள், நீங்கள் திருப்பி எடுத்தால் அதிகக் கட்டணம் அறவிடும் நம்பருக்கு அழைப்புப் போகும், அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களுக்கு. மறுமுனையில் பாட்டு, ரிங் சத்தம் என்று எதையாவது போட்டு உங்களைப் பிடித்து வைத்திருப்பார்கள். மிஸ்கோல் வந்ததால் மட்டும் ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள். கட்டார் என்றால் +974, சவூதி +966, குவைத் +965, எமிரேட்ஸ் +971. உங்கள் பிள்ளை இருக்கிற நாட்டின் இலக்கம் தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் தீரும். உண்மையிலேயே மகள் என்றால் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போடுவாள்.

வெளிநாட்டு நண்பர் ஒருவர் பார்சல் அனுப்பியிருக்கிறார், சுங்கத்தில் காசு கட்டச் சொல்கிறார்கள்.

நேரில் காணாத நண்பர், நகையும் டொலரும் நிரம்பிய பார்சல், பிறகு "சுங்க அதிகாரி" என்று ஒருவரின் அழைப்பு. அந்த நண்பரும் இந்த அதிகாரியும் ஒரே கூட்டம். சுங்க வரியைத் தனியார் ஒருவருடைய வங்கிக் கணக்கில் கட்டச் சொல்ல மாட்டார்கள். தபால் திணைக்களம் பெயரில் "முகவரி பிழை, சிறிய கட்டணம் கட்டுங்கள்" என்று லிங்கோடு வருகிற குறுஞ்செய்தியும் இதே வகைதான், அதில் போய்க் கார்ட் நம்பர் அடிக்காதீர்கள்.

வெளிநாட்டு வேலை என்று போனில் சொல்கிறார்கள். பொய் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முகவர் நிலையத்தின் பெயரையும் அனுமதிப்பத்திர நம்பரையும் கேட்டு, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு எடுத்துச் சரிபாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய விசா படத்தை வைத்து நம்பிக் காசு கொடுக்காதீர்கள். விசிட் விசாவில் போ, அங்கே மாற்றித் தருகிறோம் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லிக் கூட்டிப்போய் மியன்மாரின் மியாவாடிப் பக்கம் அடைத்து வைத்து, அடித்து, மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைத்திருக்கிறார்கள், அதில் இலங்கைப் பிள்ளைகளும் மாட்டினார்கள். காசு போனால் உழைக்கலாம், இது உயிர்.

வாட்ஸ்அப்பில் கூட்டாளி காசு கேட்கிறான். அவனேதான், படமும் அவன்தான்.

அவனுக்குச் சாதாரணமாகப் போன் எடுத்துப் பேசிவிட்டுக் கொடுங்கள். அவனுடைய வாட்ஸ்அப்பை வேறொருவன் பிடித்திருக்கலாம். எப்படிப் பிடிக்கிறார்கள் என்றால், "தவறுதலா உங்க நம்பருக்கு ஒரு ஆறு இலக்கம் வந்துட்டு, அனுப்புங்க" என்பார்கள், அல்லது சூம் கூட்டத்தில் சேரக் கோட் தேவை என்பார்கள். அந்த ஆறு இலக்கம்தான் வாட்ஸ்அப் திறக்கும் கோட். செட்டிங்ஸில் எக்கவுண்ட் என்பதற்குள் போய் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போட்டு ஒரு பின் வைத்துவிடுங்கள், அந்தக் கோட் தவறிப் போனாலும் உள்ளே வர முடியாது. ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள் என்றால் உங்கள் போனில் அதே நம்பரால் மறுபடி பதிவு செய்து வருகிற கோட்டை அடியுங்கள், அவன் வெளியே போய்விடுவான். அவன் ஒரு பின் போட்டு வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டி வரும். அதுவரைக்கும் ஆட்களிடம் சொல்லி வையுங்கள்.

ஸ்டார், ஹாஷ் போட்டு ஏதோ அடிக்கச் சொன்னார், அடித்துவிட்டேன்.

21 உள்ள இலக்கத்தையும் அதன் பின்னால் ஒரு போன் நம்பரையும் அடிக்கச் சொல்லியிருந்தால், உங்களுக்கு வருகிற அழைப்புகளை அவன் பக்கம் திருப்பியிருக்கிறான், குரல் வழியாக வருகிற கோட்கள் எல்லாம் அவனுக்குப் போகும். *#21# அடித்தால் திருப்பியிருக்கிறதா என்று காட்டும், ##002# அடித்தால் எல்லாத் திருப்பலும் நீங்கும். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலிகளைப் போடச் சொன்னாலும் போடாதீர்கள், உங்கள் திரையில் நடப்பதெல்லாம் அங்கே தெரியும்.

சரி, நான் ஓ.ரி.பி.யைச் சொல்லிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

முதலில் வங்கி. பொலிஸுக்குப் போவதற்கு முன், மனிசனிடமோ மகனிடமோ சொல்வதற்கு முன், வங்கியின் 24 மணி நேர நம்பருக்கு எடுத்துக் கார்டையும் இணைய வங்கிச் சேவையையும் நிறுத்தச் சொல்லுங்கள். எந்தக் கணக்குக்குக் காசு போனது என்று கேட்டு, அந்த வங்கிக்கும் அறிவிக்கச் சொல்லுங்கள். வங்கிக்கு வங்கி காசு இப்போது சில வினாடிகளில் போய்விடுகிறது, ஆனால் அங்கிருந்து ஏ.ரி.எம்.மில் எடுக்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம் தேவை. நமக்கு இருக்கிற வாய்ப்பு அந்தக் கொஞ்ச நேரம்தான். "விடிந்த பிறகு பார்ப்போம்" என்று படுத்துவிடாதீர்கள்.

பிறகு அழைப்பு வந்த நம்பர், நேரம், குறுஞ்செய்திகள், வரவுச் சீட்டு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். வெட்கத்தில் செய்திகளை அழித்துவிடுகிறார்கள், அழிக்காதீர்கள், சாட்சி அதுதான். கணினிக் குற்றங்களுக்கு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, "இது போன் விஷயம், எங்களால ஏலாது" என்று பொலிஸில் திருப்பி அனுப்பினால் முறைப்பாட்டை எழுதிக்கொள்ளும்படி பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கிற அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் 101க்கும் எடுத்து வழி கேட்கலாம். வங்கி உங்கள் முறைப்பாட்டைச் சரியாகக் கவனிக்கவில்லை என்றால் மத்திய வங்கியின் 1935 இருக்கிறது.

காசு திரும்பக் கிடைக்குமா என்று கேட்பீர்கள். ஓ.ரி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால் கஷ்டம், பொய்யாக ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் முறைப்பாடு செய்யுங்கள், காசு இன்னும் அந்தக் கணக்கில் நின்றால் முடக்க முடியும். இன்னொன்று, சில நாள் கழித்து "நாங்கள் சைபர் பொலிஸ், உங்கள் காசை மீட்டுவிட்டோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று ஒருவர் எடுப்பார். அவர்களேதான் அது. ஒரு தடவை ஏமாந்தவரின் நம்பரை அவர்கள் வைத்துக்கொள்வார்கள்.

அம்மாவிடம் எத்தனை தரம் சொன்னாலும் விளங்கவில்லை. போனைப் பறித்து வைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். வெளிநாட்டுப் பிள்ளையின் முகத்தை அவர் காண்பதே அந்தப் போனில்தான். ஏசவும் வேண்டாம், ஏச்சுக்குப் பயந்துதான் வயதானவர்கள் நடந்ததை மறைக்கிறார்கள், மறைத்த அந்த இரண்டு நாளில் மிச்சக் காசும் போகிறது. "காசு என்று யார் பேசினாலும் வெட்டிப்போட்டு எனக்கு எடுங்கம்மா, நீங்க வெட்டினா நான் சந்தோசப்படுவன்" என்று சொல்லி, ஒரு தரம் நீங்களே வேறு நம்பரிலிருந்து எடுத்து நடித்துப் பழக்குங்கள். பெரிய தொகையை ஏ.ரி.எம். கார்டே இல்லாத, இணைய வங்கிச் சேவை எடுக்காத தனிக் கணக்கில் போட்டு, செலவுக்கு மட்டும் மற்றக் கணக்கில் வைப்பது இன்னும் நல்லது.

வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாளைக்குத் தந்தால் மாதம் பத்தாயிரம் தருகிறேன் என்கிறார் ஒருவர். நான் யாரையும் ஏமாற்றவில்லையே?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கேட்பது ஓ.எல்., ஏ.எல். முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கிற பிள்ளைகள். டெலிகிராமில் வீட்டிலிருந்தே வேலை, வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று ஆரம்பித்து இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள். அவர்கள் ஏமாற்றிய காசு வந்து விழுகிற இடம் உங்கள் கணக்கு. ஏமாந்த அந்த அம்மா முறைப்பாடு செய்யும்போது பொலிஸ் கையில் கிடைக்கிற ஒரே பெயர் உங்களுடையது, காசை எடுத்தவனின் பெயர் எங்கேயும் இருக்காது. உங்கள் பெயரில் சிம் எடுத்துக் கொடுப்பதும் இதே கதைதான்.

ஏற்கெனவே கார்டைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், இன்றைக்கே வங்கிக்குப் போய்க் கார்டை நிறுத்தி, வரவு செலவு அறிக்கையை எடுத்துக்கொண்டு, உங்களோடு பேசிய ஆளின் நம்பரையும் மெசேஜ்களையும் சேர்த்துப் பொலிஸுக்குப் போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் வீட்டில் ஒருவரையோ தெரிந்த சட்டத்தரணி ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் பொலிஸ் உங்களைத் தேடி வருவதற்கு முதல் போங்கள்.